ஈரத் துணி

போன மாதம் ஓர் இளம் சர்ஜன் என்னிடம், "அப்பெண்டிக்ஸா? இருபது நிமிஷ வேலை சார்" என்றார். முப்பத்தோரு வருஷம் அந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன் நான். சீகத்தை, அதாவது அப்பெண்டிக்ஸ் தொங்கும் பெருங்குடல் தொடக்கத்தை, எதால் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "காஸ் துணிதான்." நனைத்தா? பதில் இல்லை.

மதுரையில் என் ஆசிரியர், உலர்ந்த காஸ் துணி குடலில் பட்டால் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். வெதுவெதுப்பான சலைனில் நனைத்துப் பிழிந்த துணிதான் உள்ளே போகலாம். கிளவுஸ் மாட்டியதும் கையைக் கழுவித் துடைத்து, மறுபடி கழுவ வேண்டும். அப்போதெல்லாம் கிளவுஸில் மக்காச்சோள ஸ்டார்ச் தூவியிருக்கும். அந்தத் தூள் வயிற்றில் விழுந்த இடத்தில் நார் கட்டும். ஒருநாள் நான் அவசரப்பட்டேன். "எந்த ஊருப்பா நீ?" என்றார். "எம். புதுப்பட்டி, சார்." "பட்டாசு ஊர்க்காரனுக்கா தூளைப் பத்திச் சொல்லணும்?" எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் சிந்திய வெடிமருந்தை அப்படியே போட்டுவிட்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள். பவுடர் கிளவுஸை அமெரிக்கா தடை செய்தது 2017-இல்தான்.

வயிற்றின் உள்சவ்வான பெரிடோனியம் உரசினால், அங்கே ஃபைப்ரின் என்ற ஒட்டும் புரதம் கசியும். சில நாளில் அது கரைந்துவிட்டால் தொல்லையில்லை. ரத்த ஓட்டம் கெட்ட இடத்தில் கரையாமல் நாராகிக் குடலைக் குடலோடு கட்டிவிடும். இழுத்துத் தைத்த பெரிடோனியத்தைவிடத் தைக்காமல் விட்டது நன்றாக ஆறும் என்று பிரிட்டிஷ் சர்ஜன் ஹெரால்ட் எல்லிஸ் 1960-களிலேயே காட்டிவிட்டார். இன்னும் இழுத்துத் தைப்பவர்களைப் பார்க்கிறேன். சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் இந்த ஒட்டு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீழை உள்ளே விட்டுவிட்டு, காட்டரியால் கண்டபடி கருக்கினால், துளை சிறியதாக இருந்து என்ன பயன்?

பட்டாசுத் திரி வெட்டும் பெண் ஒருத்தி, வேறெங்கோ அப்பெண்டிக்ஸ் எடுத்து ஆறு வருஷம் கழித்து வயிறு உப்பி வந்தாள். திறந்தால், சணல் கயிறு போல ஒரே ஒரு நார். அதன் கீழே குடல் கறுத்துக் கிடந்தது. இரண்டடி வெட்டினேன். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவள், மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. என்னிடம் வருவதற்கு முன் மூன்று நாளாக விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பு உள்ளவர்களே, விட்டுவிட்டு வலித்து, வாந்தி வந்து, வயிறு உப்பி, காற்றும் பிரியாவிட்டால் எண்ணெய் தேய்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் அந்தத் தழும்பைக் காட்டுங்கள்.