வாடை அடித்ததாகச் சொன்னேன்

எங்கள் ஊரில் ஒருவருக்குக் குடிகாரர் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான். அவர் குடித்திருக்கவில்லை. அதை அன்றைக்கே தெரிந்துகொள்ள எனக்கு எல்லா வழியும் இருந்தது.

வையம்பட்டியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். படித்தது டிப்ளமோ பார்மசி. ஆனாலும் ஊரில் பலருக்கு நான்தான் முதல் டாக்டர். மணப்பாறைக்குப் பஸ் ஏறிப்போய் டோக்கன் வாங்கிக் காத்துக் கிடப்பதற்குப் பதிலாக, "அண்ணே, ரெண்டு நாளா ஒடம்பு வலி" என்று கடை முன்னால் வந்து நிற்பார்கள். முகத்தைப் பார்ப்பேன், அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுப்பேன். சட்டப்படி தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். பார்த்ததுமே சொல்லிவிடுவார் என்று ஊர் பேசியதை நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அவர் போர் வண்டியில் வேலை பார்த்தவர். திருச்செங்கோட்டு வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போகின்றன. வானம் பார்த்த பூமி எங்களுடையது. காட்டில் விளைச்சல் இல்லாத வருஷம் பையன்கள் அந்த வண்டிகளில் ஏறிவிடுவார்கள். அவர் போனது சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம். நாட்டில் மலேரியா இன்னும் விடாமல் இருக்கும் இடங்களில் ஒன்று. அதுவும் ஆளைக் கொல்லும் பால்சிபாரம் வகை. அங்கேயே காய்ச்சல் கண்டு, ரத்தம் பார்த்து, மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

ஊருக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, அங்க மலேரியான்னு சொன்னாங்க. மாத்திர முடிஞ்சிருச்சு. இனிமே எதுவும் சாப்புடணுமா?"

"காய்ச்சல் விட்டிருச்சுல்ல?"

"விட்டிருச்சுண்ணே."

"அப்பறம் என்ன?" என்று சத்து மாத்திரை அட்டை ஒன்றை விற்று அனுப்பினேன். காய்ச்சல் விட்டால் கதை முடிந்தது என்பது என் கணக்கு.

அதற்கப்புறம் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், கடை பெஞ்சில் வழக்கமான ஆட்கள் உட்கார்ந்திருந்த நேரம், அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். கால்களை அகட்டி வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து வந்தார். கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு, "தல... சுத்து...துண்ணே" என்றார். சில்லறையை எடுக்கப்போன கை பைக்குள் நுழையாமல் தடுமாறியது.

"ஊத்திக்கிட்டு வந்து மாத்திர கேக்குறியா? தெளிஞ்சதுக்கப்பறம் வா" என்றேன். பெஞ்சில் சிரித்தார்கள். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

அவர் போனதும் பெஞ்சில் ஒரு பெரியவர், "நெசமாவே குடிச்சிருக்கானாப்பா?" என்று கேட்டார். "வாடை குப்புன்னு அடிச்சுச்சே" என்றேன்.

வாடை எதுவும் அடிக்கவில்லை. நான் எழுத வந்தது இந்த ஒரு வரிக்காகத்தான். ஆளைத் தப்பாக எடை போட்டது அறியாமை. இல்லாத வாடையைச் சொன்னது பொய். சொன்ன சொல் விழக் கூடாது என்பதற்காக, யோசிக்காமல் சொன்ன பொய்.

மறுநாள் அவர் மனைவி வந்தது. "அண்ணே, அவரு தொடுறதே இல்ல. ஒங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியும். "எல்லா வீட்லயும் இதத்தான் சொல்றாங்க" என்றேன். அந்தப் பேச்சு மச்சினன் காது வரை போய், அவன் வந்து தங்கச்சியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போர் வண்டிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுக்கும் சேதி எட்டியது. குடிகாரனை ரிக்குப் பக்கத்தில் யார் நிறுத்துவார்கள்?

கடைசியில் அவரைத் திருச்சிக்குக் கூட்டிப் போனது அவருடைய அம்மா. அங்கே ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். தன் விரலையும் அவர் மூக்கையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். பிறகு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, எந்த ஊரில் இருந்தீர்கள்? தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் கிருமியும் இல்லை. மலேரியா போன பிறகு சிறுமூளையில் வரும் தள்ளாட்டம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு அம்மா என் கடைக்குத்தான் வந்தார். திட்டவில்லை. படித்துச் சொல்லச் சொன்னார்.

பிறகு நானாகத் தேடிப் படித்தேன். இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று 1987-ல் எழுதியவர் இலங்கையின் பேராசிரியர் நிமல் சேனநாயக்க. 1994-ல் அவரும் சக மருத்துவர் ஒருவரும் இப்படிப்பட்ட 74 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். காய்ச்சல் தணிந்து, ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில் நடை தள்ளாடும், பேச்சு குழறும், கை நடுங்கும். அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். கிருமியை எதிர்த்த உடம்பே தடம் மாறிச் சிறுமூளையைத் தாக்குவதால் வருகிறது என்று கருதுகிறார்கள். சாராயம் தள்ளாட வைப்பதும் இதே சிறுமூளையை மயக்கித்தான். அதனால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும்.

"தானாகச் சரியாகிவிடும்" என்பதைப் படித்தபோது எனக்கு வந்தது நிம்மதி, வெட்கம் இல்லை. நான் விரட்டியதால் அவர் உடம்புக்கு எதுவும் கெட்டுப்போகவில்லையே என்று பல காலம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதுவும் பொய்க் கணக்குதான். பால்சிபாரம் புகுந்த ரத்த அணுக்கள் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைக்கின்றன. பெரியவர்களுக்கு அது மூளையைப் பிடித்தால் பேச்சு குழறி நினைவு தப்பும். சிறுநீரகத்தைப் பிடித்தால் நீர் பிரியாது. கண் மஞ்சளாகும், எங்கள் பக்கம் அதற்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நுரையீரலில் நீர் கோத்து, தேறி வருகிறவர்கூட மூச்சுத் திணறி இறக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கியவரும் குடித்தவர் போலத்தான் தள்ளாடுவார். 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியாவைச் சேர்ந்த 1,461 கடும் மலேரியா நோயாளிகள் இருந்தார்கள். குயினைன் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள். அதைவிட நல்ல மருந்து என்று நிரூபணமான ஆர்ட்டிசுனேட் போட்டும் 15 பேர் இறந்தார்கள். அந்த ஊசியால் பிழைத்தவர்களிலும் சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் கழித்து ரத்த அணுக்கள் உடைந்து சோகை வருவதுண்டு. அதனால்தான் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சில வாரம் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

அன்று என் முன்னால் நின்றவருக்கு இவற்றில் எது வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மலேரியா வந்தது என்பது மட்டும் தெரியும். அவரே என்னிடம் சொல்லியிருந்தார். இருப்பதிலேயே சாதுவானது அவருக்கு வாய்த்தது அவர் அதிர்ஷ்டம். அதை என் கணக்கில் வரவு வைக்க முடியாது.

தள்ளாட்டம் நின்றது, பேச்சு தெளிந்தது, மனைவியும் திரும்பி வந்தது. போர் வண்டிக்கு மட்டும் அவரை யாரும் கூப்பிடவில்லை. இன்றும் அவர் கல் தடுக்கினால்கூட ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ஒரு ராத்திரி கடை சாத்தும் நேரம் பார்த்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, ஒங்களுக்கென்ன தெரியும்" என்றார். தெரியும் என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. வாடை விஷயத்தையும் சொல்லவில்லை. அவமானப்படுத்தியது நாலு பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது ஆள் இல்லாத நேரத்தில்.

அன்று பெஞ்சில் இருந்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் குடித்திருக்கவில்லை. வாடையும் அடிக்கவில்லை. நான்தான் சொன்னேன்.