மெட்டறியாமற் படித்த பாட்டு

இசையை முதன்முதலிற் காதாற் கேட்டு அறிவதே உலக வழக்கு. எனக்கு வாய்த்ததோ வேறு. மீனாட்சியம்மை என்ற பாடகியை நான் முதலிற் சந்தித்தது தாளில். பிழையாக மதிப்பிட்டதும் தாளை வைத்தே. அவர் இயற்றியதைப் பாட்டாக நான் கேட்டது பின்னர், ஒரு லயத்து அடுப்படியில், எழுத்தறியாத ஒருவரின் வாயிலாக. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் என்னுள் நிகழ்ந்த மாற்றத்தையே இக்கட்டுரையிற் கூற விழைகிறேன்.

அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டு பேராதனைக்கு வந்தவன் நான். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் வாய்ப்புக் கிடைத்தது. சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் தந்த மயக்கத்தில், பிறந்த இடத்தின் பேச்சை விடுதி வாசலிலேயே செருப்பைப்போலக் கழற்றி வைக்கப் பழகியிருந்தேன். தப்பும் காமன்கூத்தும் மாரியம்மன் தாலாட்டும் எனக்கு நினைவுகளாக இருந்தனவேயன்றி இலக்கியமாகத் தோன்றவில்லை. இலக்கியம் என்பது பிறரிடமிருந்து நாம் கற்றுக்கொள்வது என்பதே அக்காலத்தில் என் எண்ணமாயிருந்தது.

இரண்டாம் ஆண்டில் ஈழத்துத் தமிழ்க் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மலையகம் பற்றி ஏதேனும் எழுதலாமே என்று நண்பரொருவர் தூண்ட, நூலகத்தில் சாரல்நாடன் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை எடுத்தேன். 1988இல் வெளிவந்த நூல் அது. தஞ்சையிலிருந்து வந்து இந்நாட்டையே தம் களமாக்கிக்கொண்ட நடேசய்யரின் வரலாறு என்னை வியப்பில் ஆழ்த்தியது. தோட்டத்துக்குள் அயலார் நுழைவது குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில் புடைவை வியாபாரிபோல உள்ளே சென்று தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டவர் அவர். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய வாழ்க்கைத் துணைவியே மீனாட்சியம்மை. பத்திரிகைப் பணியிலும் தொழிற்சங்கப் பணியிலும் கணவருக்கு இணையாக உழைத்தவர். கூட்டங்களிற் பாரதியின் பாடல்களைப் பாடியவர். தாமே பாடல்களை இயற்றி மேடையில் நின்று பாடியவர். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது.

அப்பாடல்கள் சிலவற்றின் நிழற்பிரதி சில நாட்களில் என் கைக்கு எட்டியது. ஒரு மாலையில் விடுதியறையிலிருந்து அவற்றைப் படித்தேன். பாய்க்கப்பலிற் கடல் கடந்து வந்ததும், வரும் வழியிற் பலர் மாண்டதும், வந்த நாட்டைத் தாய்நாடாக எண்ணி வாழ்ந்ததும், இப்போது தம்மை அந்நியரென ஒதுக்க முனைவோரின் செய்கை கண்டு நொந்ததும் அவற்றிற் பேசப்பட்டிருந்தன. பொருள் விளங்கியது, உள்ளம் அசையவில்லை. சொற்கள் வழக்குச் சொற்களாயிருந்தன. உவமையில்லை, உருவகமில்லை. அடிக்கு நடுவே கோடிட்டு ஒரு சொல் தனியே நின்றது. இடத்தை நிரப்ப இட்ட சொல் என்று எண்ணினேன். என் குறிப்பேட்டில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதினேன்: "கருத்து உண்டு, கவித்துவம் குறைவு."

அந்தத் தீர்ப்புடன் மார்கழி விடுமுறைக்கு வீடு சென்றேன். மழையும் பனியுமாக மலைகள் மறைந்திருந்த ஒரு மாலை. அப்பாயி அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்த விரல்கள். கறை ஏறி வெடித்திருந்த அவ்விரல்களிடையே மா வெண்மையாக ஒட்டியிருந்தது. நான் குளிருக்கு அடுப்பை அண்டியமர்ந்து கட்டுரைக்காக அப்பாட்டுக்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கேட்டிருந்த அப்பாயி சிரித்தார்.

"என்னா தம்பி, பாட்டப் போயி கணக்கப்புள்ள செக்ரோலு வாசிக்கிற மாதிரி வாசிக்கிற?"

எனக்குச் சினம் வந்தது. மெட்டுத் தெரியாதே, வேறு எப்படிப் படிப்பது என்றேன். "மெட்டு என்னா, அதுலயே இருக்கே. இன்னொருக்கா சொல்லு" என்றார். ஓரடியைச் சொன்னேன். மாவு படிந்த கையால் அருகிலிருந்த தகரத்திற் தட்டிக்கொண்டு அந்த அடியை அவர் திருப்பிப் பாடினார். அடுத்ததைச் சொன்னேன், அதையும் பாடினார். கோடிட்டுத் தனியே நின்ற அந்தச் சொல் வந்தபோது குரல் அதன்மேல் ஒரு கணம் தங்கி, மூச்செடுத்து, அங்கிருந்து அடுத்த அடிக்குத் தாவியது. தாவிய வேகத்தில் அடுத்த அடி முன்னதைவிட உயர்ந்து ஒலித்தது. சிந்துப் பாட்டில் தனிச்சொல் வரும் என்று பரீட்சைக்காக மனனம் செய்திருந்தேன். அது எதற்காக வருகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை. பாடுபவர் மூச்செடுக்கவும், கூட்டம் அடுத்த அடியை எதிர்பார்த்து நிற்கவும் வைத்த இடம் அது என்பதை அன்று ஒரு மாத் தகரம் எனக்குக் கற்பித்தது.

அப்பாயி பாடியது மீனாட்சியம்மையின் மெட்டு என்று நான் கூறவரவில்லை. அந்த அம்மையாரை அவர் கண்டதுமில்லை, பெயரைக் கேட்டதுமில்லை. சிறுமியாக இருந்த நாளில் திருவிழாக் காலங்களில் அட்டன் கடைத்தெருவில் நின்று பாடிப் பாட்டுப் புத்தகம் விற்றவர்களை மட்டும் அவருக்கு நினைவிருந்தது. புத்தகம் வாங்கியவருக்கு எழுத்துத் தெரியாது, ஆயினும் வாங்குவர். லயத்தில் எழுத்தறிந்த எவரேனும் ஒருவர் இருப்பார். அவர் ஒருமுறை படித்தாற் போதும், மறுநாள் மலையிற் கொழுந்தெடுக்கும்போது நிரை முழுவதும் அந்தப் பாட்டு இருக்கும் என்றார்.

இதைக் கேட்டபின்பே மீனாட்சியம்மை செய்ததன் அருமை எனக்கு விளங்கிற்று. தொழிற்சங்கத் தலைவர் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல். பாட்டு நுழைந்தால் அதைத் தடுக்கக் காவற்காரன் இல்லை. துண்டுப்பிரசுரம் எழுத்தறிந்தவனிடம் நின்றுவிடும். பாட்டு அவனைக் கடந்து செல்லும். மக்கள் நாவில் ஏற்கெனவே வழங்கிய மெட்டுக்களை அவர் எடுத்தாண்டது புதுமெட்டு அமைக்கும் ஆற்றல் இன்மையாலன்று. மெட்டை முன்பே அறிந்தவர் சொல்லை மட்டும் கற்றுக்கொண்டாற் போதும். கூட்டம் கலையுமுன் பாட்டு அவர்களுடையதாகிவிடும். உறங்குபவரைத் தட்டியெழுப்பவே தாம் பாடுவதாகக் கருதியவருக்கு இதனினும் பொருத்தமான வழி வேறில்லை.

கடலுக்கு அப்பாலும் இவ்வழியைக் கண்டோர் உளர். அமெரிக்கத் தொழிலாளரிடையே பாடல் இயற்றிய ஜோ ஹில், தேவாலயங்களிற் பாடப்பட்ட கீதங்களின் மெட்டுக்களில் வேலைநிறுத்தப் பாடல்களை அமைத்தார். அவர் சார்ந்திருந்த தொழிற்சங்கம் 1909 முதல் சட்டைப்பையில் அடங்கும் சிறு பாட்டுப் புத்தகங்களை வெளியிட்டது. 1915இல் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது, பாடல்கள் நின்றன. ஜோ ஹில்லை உலகம் அறியும். அட்டனில் மேடையேறிப் பாடிய பெண்ணையோ அவ்வூருக்கு அடுத்த தோட்டத்தில் வளர்ந்த நானே இருபத்திரண்டு வயது வரை அறியவில்லை.

அவர் பெண்ணாயிருந்தமையும் மனங்கொள்ளத்தக்கது. 1931ஆம் ஆண்டுச் சர்வசன வாக்குரிமை இந்நாட்டுப் பெண்களுக்கும் வாக்களித்தது. ஆயினும் பெண்ணொருத்தி பொதுக்கூட்டத்தில் எழுந்து, தானே எழுதிய அரசியற் பாட்டைத் தன் குரலிற் பாடுவது அக்காலத் தமிழ்ச் சமூகத்தில் எளிதில் ஏற்கப்படும் காட்சியன்று. கச்சேரி மேடைக்கு இருந்த மதிப்பு அந்த மேடைக்கு இல்லை. கோயிற் பாட்டுக்கு இருந்த காப்பும் இல்லை. அவர் பாடிய பொருளோ உடனடியானது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்தியத் தினக்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திற் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அந்த ஆண்டிலேயே மீனாட்சியம்மையின் புத்தகம் வெளிவந்தது. வரப்போவதை முன்கூட்டியே கண்டு எச்சரித்த குரல் அது.

வந்தது எதுவென்பதை நாம் அறிவோம். நடேசய்யர் 1947இல் மறைந்தார். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த சட்டங்களும் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவரும் வாக்கற்றவருமாக ஆக்கின. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை இரு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் எண்ணிக்கையாக மாற்றியது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கணக்கு 1974இலேயே தீர்ந்தது. பாடத்துக்காக நான் மனனம் செய்திருந்த இவ்வெண்கள் அன்று மாலை அடுப்படிக்கே வந்து அமரும் என்று எதிர்பார்க்கவில்லை.

தாய்நாடு என்று எண்ணியிருந்ததைக் கூறும் அடியைச் சொன்னபோது அப்பாயி அதைத் திருப்பிப் பாடவில்லை. தகரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். சிறிது பொறுத்து, "எங்கண்ணன் கோச்சி ஏறயில நானும் ஒன்னு பாடினேன்" என்றார்.

அவருடைய தமையனார் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனது எழுபதுகளின் நடுப்பகுதியில். தலைமன்னாருக்குப் போகும் அந்தக் கோச்சியை 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் அழைத்ததை நானும் கேட்டிருக்கிறேன். அட்டன் புகையிரத நிலையத்தில் வண்டி அசைந்தபோது, யன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த தமையனின் கையைப் பிடித்தபடி அப்பாயி ஒப்பாரி சொல்லியிருக்கிறார். மலையையும் பீலித் தண்ணீரையும் இருவரும் பிறந்த லயத்தையும் சொல்லி, அங்கேயே அப்போதே கட்டிய பாட்டாம். கூட நின்ற பெண்களும் அதை வாங்கிச் சொன்னார்களாம்.

நான் பரபரப்புடன் குறிப்பேட்டைத் திறந்தேன். அதைப் பாடுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாம்" என்றார். வற்புறுத்தினேன். "உசுரோட இருந்த மனுசனுக்கு ஒப்பாரி சொன்னவ நான். போயி ரெண்டு வருசத்துல கூடலூருலருந்து காயிதம் வந்துச்சு, அண்ணன் செத்துப்போச்சுன்னு. பாட்டுப் பலிச்சிருச்சு. இனி அத வாயில எடுக்க மாட்டேன். நீ அந்த அம்மா பாட்ட எழுது."

அதன்பின் ரொட்டி தட்டுவதிற் கவனமாகிவிட்டார். அந்தப் பாட்டை நான் ஒருபோதும் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் அப்பாயியும் மறைந்தார். நாடற்றவர் நிலைக்கு முடிவு காணும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது அவர் உயிருடன் இல்லை.

அவ்விரு பாட்டுக்களையும் அருகருகே வைத்து நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். ஒன்று வருமுன் பாடியது. மற்றையது வந்தபின் பாடியது. ஒன்றின் சொற்கள் அச்சேறித் தப்பின. பாடியவரின் குரல் நமக்கு இல்லை. மற்றையதைப் பாடிய குரலில் வளர்ந்தவன் நான். அதன் சொற்கள் எனக்கு இல்லை. ஒன்று மக்களுக்காகப் படித்த பெண்ணொருவர் ஆக்கியது. மற்றையது மக்களில் ஒருத்தி தன் துயர் தாளாமல் ஆக்கியது. இரண்டையும் அளக்க நான் பல்கலைக்கழகத்தில் வாங்கி வைத்திருந்த கோல் ஒன்றுக்குமே உதவவில்லை. பாடப்படவேண்டியதைப் படித்துவிட்டுக் கவித்துவம் குறைவென்று எழுதியவன் நான். குறை பாட்டில் இருந்ததா, பாட்டைக் கேட்கும் பழக்கத்தைக் கழற்றி வைத்த என்னிடம் இருந்ததா என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை.

மீனாட்சியம்மையின் பாடல்கள் அனைத்தும் உயர்ந்த இலக்கியம் என்று வாதிடுவது என் நோக்கமன்று. சில அடிகள் இன்றும் எனக்குத் தட்டையாகவே தோன்றுகின்றன. ஆயினும் மேடையையும் கூட்டத்தையும் கைத்தாளத்தையும் நீக்கிவிட்டு எஞ்சிய சொல்லை மட்டும் எடைபோடுவது நீதியாகாது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது நமக்குத் தந்தது சொற்களை மாத்திரமல்ல, அவை பாடப்பட்ட வேளைகளையும் தான் என்பதை இப்போது உணர்கிறேன்.

இன்று நான் மாணவருக்கு அப்பாடல்களை அறிமுகம் செய்யும்போது முதலில் வாசிப்பதில்லை. மேசையிற் தட்டச் சொல்கிறேன். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார்; மற்றவர் தவறென்பார்; பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் மலையகத்து மாணவியொருத்தி மெல்லிய குரலில் வேறொன்றைத் தொடங்குவாள். அதன்பின்பே தாளைக் கொடுக்கிறேன்.

இதனைப் படிக்கும் மாணவ நண்பர்கள், சிறப்பாகத் தோட்டங்களிலிருந்து வந்தோர், விடுமுறைக்கு வீடு செல்லும்போது அடுப்படியில் இருப்பவரிடம் ஒரு பாட்டுக் கேளுங்கள். அவர்கள் பாடினால் மெட்டோடு மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதுவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். பாட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மறுப்பதற்கும் அவர்களிடம் காரணம் இருக்கும். அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.