குளிருக்கென்று தனி மருந்து இல்லை

அமெரிக்காவின் விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களில் குளிர்காலம் இறங்கியதும் வீடுகளின் அடித்தள அறைகளில் ஒரு வேலை மும்முரமாகிறது. சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாக் கூடுகளை மீண்டும் நிரப்பும் வேலை அது. நான் பார்த்த மேசைகளில் விஸ்கான்சினின் மேவில் என்ற சிற்றூரில் தயாராகும் எம்.இ.சி. கைப்பொறியே அதிகம். பிடியை ஒருமுறை இழுத்தால் வெடிமருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன பழைய பிரைமர் கழன்று விழுகிறது. அடுத்த இழுப்பில் புதியது ஏறுகிறது. பிறகு மருந்து, பிளாஸ்டிக் தக்கை, ரவை என்று ஒவ்வொன்றாக உள்ளே போக, கடைசியில் கூட்டின் வாய் ஆறு அல்லது எட்டு மடிப்பாக மடிந்து மூடிக்கொள்கிறது. ஓய்வுபெற்ற தொழிலாளிகள், விவசாயிகள், பறக்கும் களிமண் தட்டு சுடும் சங்கங்களின் உறுப்பினர்கள் ஆகியோர்தான் இதில் ஈடுபடுகிறார்கள். விற்பனைக்காகச் செய்வதில்லை, தங்கள் துப்பாக்கிக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள். டிசம்பரில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து, இருபது டிகிரி. அந்தக் குளிரில் வாத்து, கனடா வாத்து, ஃபெசன்ட் வேட்டைக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: குளிருக்கு எந்த மருந்து, எந்த பிரைமர்? இந்த மேசைகளையும் அவற்றின் மேல் விரித்து வைத்திருக்கும், சோதித்து அச்சிட்ட சேர்மான அட்டவணைகளையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, கேள்வியே ஒரு சுற்று தள்ளி நிற்கிறது என்பதுதான். குளிருக்கு ஏற்ற மருந்து என்று ஒன்றைத் தனியே எடுத்து வைக்க முடியாது. குளிரைத் தாங்கும் சேர்மானங்கள் உண்டு. அவற்றை இனம் காண்பதும், கண்டபின் அதில் கை வைக்காமல் இருப்பதுமே இந்தத் தொழிலின் திறமை.

தோட்டாவுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். 12 போர் துப்பாக்கிக்கான சாதாரணத் தட்டுத் தோட்டாவில் இருப்பது ஏறக்குறைய 1.2 கிராம் மருந்து. அது சுமார் 32 கிராம் ரவையை நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் தள்ள வேண்டும். புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அதன் செதில்கள் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகின்றன. எரியும் வேகத்தைத் தீர்மானிப்பதில் இரண்டு காரணங்கள் முக்கியமானவை. ஒன்று, எரியத் தொடங்கும்போது செதிலின் வெப்பநிலை. மற்றது, அதைச் சுற்றியுள்ள வாயுவின் அழுத்தம். அழுத்தம் கூடினால் எரிதல் வேகம் பிடிக்கும். எரிதல் வேகம் பிடித்தால் அழுத்தம் மேலும் கூடும். குளிர் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைத் தளர்த்துகிறது. உறைந்த செதிலைப் பற்றவைக்கக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது, தொடக்க அழுத்தம் தாமதமாக எழுகிறது, அதற்குள் தக்கையும் ரவையும் நகர்ந்து வாயுவுக்கு இடம் விட்டுவிடுகின்றன. அழுத்தம் மேலும் சரிகிறது. முற்றினால் வெடிச் சத்தத்துக்குப் பதில் ‘புளூப்’ என்று ஒரு மந்தமான ஒலி. குழலுக்குள் எரியாத செதில்கள். தக்கை குழலுக்குள்ளேயே சிக்கி நிற்பதும் உண்டு. அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளந்துவிடும். குளிரில் மெலிந்த தோட்டாவை வெறும் ஏமாற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது, அது ஆபத்து.

குளிர் மருந்தோடு நிற்பதில்லை. தக்கையின் அடிவிளிம்பு விரிந்து குழலோடு ஒட்டினால்தான் வாயு கசியாமல் நிற்கும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போனால் அந்த விளிம்பு சரியாக விரியாது. கூட்டின் வாய் மடிப்பு தளர்வாக இருந்தால் அது சட்டென்று திறந்து, மருந்து நன்றாகப் பற்றுவதற்குத் தேவையான தொடக்கத் தடை இல்லாமல் போகும். ஆகவே குளிரில் ஒரு தோட்டா சோர்ந்தால் மருந்து, பிரைமர், தக்கை, மடிப்பு, ரவையின் எடை ஆகிய ஐந்தும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவை. அனுபவசாலிகளின் மேசையில் மருந்து டப்பாவைவிட அட்டவணைப் புத்தகம் அதிகம் கசங்கியிருப்பது இதனால்தான். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு, 12 போரின் 2¾ அங்குலத் தோட்டாவுக்குச் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு என்று அழுத்த வரம்பு வைத்திருக்கிறது. அட்டவணையில் ஒரே எடை ரவைக்கு, ஒரே வேகத்துக்கு, 7,000 பவுண்டில் முடியும் சேர்மானமும் உண்டு. 10,000-ஐத் தாண்டுவதும் உண்டு. கோடையில் தட்டு சுட 7,000 இதமானது, தோளும் நோகாது. அதே தோட்டா டிசம்பரில் முதலில் தடுமாறும். வரம்புக்குள் நின்றபடி அழுத்தம் சற்று மேலே இருக்கும் சேர்மானத்துக்கு, குளிர் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டாலும், சங்கிலி அறுந்துபோகாத அளவுக்குக் கையிருப்பு மிஞ்சும்.

மருந்தின் பெயர்களைச் சுற்றி நடக்கும் வாதங்களையும் இந்த அளவுகோலால் தீர்க்கலாம். அலையன்ட் நிறுவனத்தின் ரெட் டாட் வேகமாக எரிவது. செதில்களுக்கிடையே சிவப்புச் செதில்கள் கலந்திருப்பதே அதன் அடையாளம். அதே வரிசையில் கிரீன் டாட், யுனிக், ஹெர்கோ என்று வேகம் குறைந்துகொண்டே போய், கனமான வேட்டைத் தோட்டாக்களுக்கான புளூ டாட்டில் வந்து நிற்கிறது. புளூ டாட் குளிரில் காலை வாரும் என்ற பேச்சு இந்த வட்டாரத்தில் பரவலாக உண்டு. பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். வேகமான மருந்து தென்னோலை. தீக்குச்சி பட்டதும் பிடித்துக்கொள்ளும். மெதுவான மருந்து புளிய விறகு. நன்றாக மூட்டி, காற்றையும் அணைத்துக் கொடுத்தால்தான் நின்று எரியும். கனமான ரவையும் இறுக்கமான மடிப்பும் பலமான பிரைமரும் சேர்ந்தால் புளூ டாட் குளிரிலும் தன் வேலையைச் செய்கிறது. இலேசான ரவைக்கு அதைப் போட்டுவிட்டுக் குறை சொன்னால், தவறு மருந்தின்மேல் இல்லை. அதற்காக எல்லாவற்றுக்கும் வேகமான மருந்தே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கனமான ரவையை அதிவேகமாகத் தள்ள ரெட் டாட்டைக் கேட்டால் அழுத்தம் வரம்பை உடைத்துவிடும். ரவையின் எடைக்கு அட்டவணை எந்த மருந்தை அனுமதிக்கிறது என்பது முதல் கேள்வி. அனுமதித்தவற்றில் எது அழுத்தத்தை மேலே வைத்திருக்கிறது என்பது இரண்டாவது.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது: எதற்கு இவ்வளவு சுற்று? இருக்கும் சேர்மானத்தில் பிரைமரை மட்டும் சூடானதாக மாற்றினால் போதாதா? ஷாட்கன் பிரைமர்கள் ஏறக்குறைய எல்லாம் 209 என்ற ஒரே அளவில் வருகின்றன. பொதுவாக எதை எடுத்தாலும் குழியில் பொருந்தும். பிழையும் இந்த வசதியிலிருந்துதான் பிறக்கிறது. வின்செஸ்டர் 209, ஃபெடரல் 209ஏ, சி.சி.ஐ. 209எம், செடைட் ஆகியவை வெளித்தோற்றத்தில் ஒன்று, உமிழும் தழலில் வேறு வேறு. மற்ற எதையும் மாற்றாமல் பிரைமரை மட்டும் மாற்றியதில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு நகர்ந்ததைச் சோதனைக்கூட அளவுகள் காட்டியிருக்கின்றன. அட்டவணையில் பிரைமரின் பெயர் அச்சாகியிருப்பதற்கு அர்த்தம் இதுதான். சூடான பிரைமரால் மருந்து நன்றாகப் பற்றலாம். ஏற்கெனவே வரம்பை ஒட்டியிருந்த தோட்டா வரம்பைக் கடந்தும் போகலாம். எது நடந்தது என்று வீட்டு மேசையில் அளக்க வழியில்லை, அழுத்தமானி யாரிடமும் இல்லை. கண்ணால் காண முடியாத ஒன்றை ஊகத்தால் திருத்துவதைவிட, சூடான பிரைமரோடு சோதித்து அச்சிட்ட சேர்மானத்தையே எடுத்துக்கொள்வது அறிவு.

இரண்டாவது மறுப்பு இன்னும் எளிமையானது, அதனாலேயே இன்னும் ஆபத்தானது: மருந்தைக் கொஞ்சம் கூட்டிவிடலாமே. நிரப்பும் அறையையே பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கிறது. வெளியே உறைபனி, உள்ளே இரவும் பகலும் ஹீட்டர். அறைக் காற்று காய்ந்து கிடக்கிறது. திறந்து வைத்த மருந்து அந்தக் காற்றில் ஈரத்தை இழக்கிறது; ஈரம் குறைந்த மருந்து வேகமாக எரியும். குளிர் எடுப்பதில் ஒரு பங்கை வறட்சி முன்கூட்டியே சேர்த்து வைத்துவிடுகிறது என்று பொருள். அதே வறட்சியில் நிலைமின்சாரம் பிறந்து, செதில்கள் மருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு தோட்டாவில் குறைந்து, அடுத்ததில் ஒட்டியிருந்ததும் சேர்ந்து விழும். இதைத் தவிர்க்கவே துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் மென்தாளால் குழாயைத் துடைக்கிறார்கள். தவிர, எம்.இ.சி. பொறி மருந்தைக் கன அளவால் அளப்பது; மேசை அதிர்வும் கை இழுக்கும் வேகமும் மாறினால் எடை மாறும். அளவே இப்படி அசைந்துகொண்டிருக்க, அதன்மேல் ‘கொஞ்சம் கூட்டுவது’ எந்த எண்ணிலிருந்து என்று கேட்க வேண்டியிருக்கிறது. குளிருக்கென்று கூட்டி நிரப்பிய தோட்டா மீதமாகி, அடுத்த செப்டம்பர் வெயிலில் துப்பாக்கிக்குள் போகும் நாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டறிவு உள்ளவர்கள் மருந்தைக் கூட்டுவதற்குப் பதிலாகத் தராசை எடுக்கிறார்கள்: சில தோட்டாக்களுக்கு ஒருமுறை விழுந்த மருந்தை எடை போட்டு, அட்டவணை எண்ணோடு ஒப்பிடுகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது: குளிரின் பாதிப்பே மிகைப்படுத்தப்பட்டது, தவறு பெரும்பாலும் சுடுபவரிடம்தான் என்பது. இதில் நியாயம் நிறைய இருக்கிறது. 21 டிகிரியோடு ஒப்பிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் காற்று ஏறக்குறைய 15 சதவீதம் அடர்த்தி கூடியது. மருந்து கொடுத்த வேகம் துளியும் குறையாவிட்டாலும் ரவை அந்தக் காற்றில் விரைவாகவே வேகம் இழக்கும். தடித்த கோட்டின் மேல் துப்பாக்கிக் கட்டை கோடையில் உட்கார்ந்த இடத்தில் உட்காராது; குறி தவறும். துப்பாக்கியின் எண்ணெய் இறுகினால் ஊசி பிரைமரை மெல்லத்தான் தட்டும். குற்றம் பிரைமர் தலையில் விழும். இவை அனைத்தும் உண்மை என்றால், மருந்தை மாற்றித் தீர்வு தேடுவது இன்னும் பிழையாகிறது. காற்றின் அடர்த்தியை எந்த பிரைமராலும் குறைக்க முடியாது. அதற்கு ஒரு எண் பெரிய ரவை, குறைந்த தூரம், எண்ணெய் துடைத்த துப்பாக்கி ஆகியவையே விடை. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தை வெட்டவில்லை. தோட்டா பொறுப்பேற்க வேண்டியது எது, வேண்டாதது எது என்று எல்லை போட்டுத் தருகிறது.

நீர்ப்பறவை வேட்டையில் இந்த ஒழுக்கம் இருமடங்கு தேவை. ஈய ரவையை விழுங்கிப் பறவைகள் நஞ்சேறிச் சாவதால், 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை. அந்த இடத்தில் எஃகு வந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8 தான். இழந்ததை ஈடுகட்ட வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஈயம் நெரிசலில் சற்று நசுங்கிக் கொடுக்கும், எஃகு கொடுக்காது. அழுத்தம் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். ஈயத்துக்கான சேர்மானத்தில் எஃகைப் போடவே கூடாது என்பது இந்த மேசைகளில் எழுதாத சட்டம். அதற்கென்று தனி மருந்து, குழலைக் கீறாத தடித்த தக்கை, தனி அட்டவணை உண்டு. மிகக் குளிர்ந்த மாதங்களில், மிகக் குறைந்த இடைவெளியில் சமநிலை காக்க வேண்டிய தோட்டா இது. ஊகத்துக்கு இங்கே துளியும் இடமில்லை.

கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. சாதாரண 12 போர் தட்டுத் தோட்டாவில் மிச்சமாகும் பணம் பெரிதில்லை என்பதை நிரப்புகிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கடைத் தோட்டா விலை ஏறிய 28 போரிலும் .410-இலும் கணக்கு மாறும். எப்படியும் பணத்தைத் தாண்டிய காரணம் ஒன்று இருக்கிறது: தங்கள் துப்பாக்கியில், தங்கள் ஊர்க் குளிரில், ஒரு சேர்மானத்தைச் சோதித்துப் பார்க்க முடிவது. தோட்டாக்களை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் வேகமானியின் குறுக்கே சுட்டு, அறைவெப்பத் தோட்டாக்களோடு ஒப்பிடுகிறார்கள். சராசரி வேகம் சற்றுக் குறைந்தால் கவலைப்படுவதில்லை. தோட்டாவுக்குத் தோட்டா வேகம் தாறுமாறாக விலகினால் அந்தச் சேர்மானத்தைக் கைவிடுகிறார்கள். திருத்துவதில்லை, அட்டவணையில் அடுத்த வரிக்குப் போகிறார்கள். எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையைக் கைவேலை வளர்த்துவிடுவது இயல்பு. இந்தக் கைவேலையோ அந்த ஆசையை அடக்கக் கற்றவரைத்தான் தேர்ந்தவர் என்று ஏற்கிறது. குளிரில் நம்பிச் சுடக்கூடிய தோட்டா, சோதித்தவர் அச்சிட்டதை அப்படியே செய்து, அளந்ததை மீண்டும் அளக்கும் பொறுமையிலிருந்து வருகிறது.