மனைவி பெயரில் ஒரு டிப்பர்

செந்துறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தூந்திரப் பிரதேசம் வரும் பாடத்தை எப்போதும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். பாசி, லைக்கன், குட்டைப் புதர், பனிமான், நிலத்தடி உறைபனி. எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு மதிப்பெண். பொது அறிவுக்காக இன்னொரு வரியும் சொல்வேன்: இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம், 2008. அங்கே மண்ணில் என்ன முளைக்கிறது, அதற்கு இப்போது என்ன நேர்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சோம்பேறித்தனம் என்று ஒப்புக்கொண்டு தப்பித்துவிடலாம். ஆனால் காரணம் அது இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு டிப்பர் லாரி உண்டு. அரசு ஊழியன் தொழில் செய்யக் கூடாது என்பதால் மனைவி பெயரில் வாங்கினேன். மைன்ஸிலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் வண்டி. மகளின் படிப்பும் வீட்டின் மாடியும் அந்த நடைக்கூலியில் வந்தவை.

சிமெண்ட் ஆலை என்றதும் சூளையில் எரியும் நிலக்கரிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கல்லை யாரும் நினைப்பதில்லை. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுண்ணாம்பு. மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாக மேலே போய்விடும். நிலக்கரிக்குப் பதில் வெயிலை வைத்துச் சுட்டாலும் கணக்கு மாறாது. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலுடையது. அதில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருவது. பத்தாம் வகுப்பு வேதியியல் போதும் இதற்கு. எனக்குத் தெரியும்.

ஒருமுறை, புவி வெப்பமடைதல் பாடத்தில், துருவக் கரடிப் படத்தைக் காட்டிப் பணக்கார நாடுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். “சார், எங்கப்பா வேலை பாக்குற ஃபேக்டரிலயும் புகை வருதே, அதுவும் சேருமா?” நான் சொன்ன பதில்: “அது ஃபில்டர் போட்ட புகைம்மா. இங்க தூசிதான் பிரச்சினை.” ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. தெரிந்தே சொன்ன பொய் அது. அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

ஓய்வுக்குப் பிறகு, ஐந்து நிமிடத்தில் கடந்த அந்தப் பாடத்தைப் படிக்க ஆரம்பித்தேன். 1940களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை எண்ணெய் தேடி வட அலாஸ்காவை விமானத்திலிருந்து படமெடுத்தது. ஐம்பது ஆண்டு கழித்து மேத்யூ ஸ்டர்ம் முதலான விஞ்ஞானிகள் அதே இடங்களை மறுபடி படமெடுத்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய படத்தில் வெறும் சரிவாக இருந்த இடங்களில் புதிய படத்தில் ஆல்டர், வில்லோ, குட்டை பிர்ச் புதர்கள் மண்டியிருந்தன. எண்ணெய்க்காக எடுத்த படமே எண்ணெய் ஏற்றிய சூட்டுக்குச் சாட்சியாக வந்து நின்றதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் நானும் பச்சை கூடினால் நல்லதுதானே என்று நினைத்தேன். முந்திரிக்காட்டையே பசுமை என்று பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் புதர் உயர்ந்தால் காற்றில் பறக்கும் பனி அதனடியில் குவிகிறது. பனி கனத்த போர்வை. அதற்குக் கீழே குளிர்காலத்திலும் மண் அதிகம் குளிர்வதில்லை. நுண்ணுயிர்கள் வேலை செய்து சத்தை விடுவிக்கின்றன, அது புதருக்கே உரமாகிறது. வசந்தத்தில் பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கிளைகள் வெயிலை உறிஞ்சுகின்றன. நிழலில் லைக்கன் அழிகிறது. குளிர்காலத்தில் அதைத் தின்று பிழைக்கும் பனிமானுக்குப் பஞ்சம். 117 இடங்களில் முப்பது ஆண்டு அளவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, தூந்திரச் செடிகளின் உயரம் கூடிவருவதைக் காட்டியது. ஏற்கெனவே இருந்த செடிகள் நீண்டதோடு, உயரமான இனங்களும் உள்ளே வந்துகொண்டிருக்கின்றன.

எல்லா இடத்திலும் வளர்ச்சிதான் என்றும் இல்லை. நடுக்குளிர்காலத்தில் திடீரென்று சூடு வந்து பனி உருகினால் செடி உறக்கம் கலைகிறது; அடுத்து வரும் உறைகுளிர் அதைக் கருக்கிவிடுகிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. உறைநிலத்துக்குள் கிடக்கும் கார்பன் வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது அழுக ஆரம்பித்தால் நம் எந்த ஃபில்டரும் உதவாது.

என்னைத் தூங்கவிடாதது இன்னொரு விஷயம். எங்கள் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் சிப்பிகள் படிந்து உண்டானது. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அதே காலத்தில் உலகம் இன்றைவிட வெகு சூடு. இன்று தூந்திரமாகக் கிடக்கும் வட அலாஸ்காவில் அப்போது ஊசியிலைக் காடும் டைனோசர்களும் இருந்தன. அந்தச் சிப்பிகள் கல்லாக்கிப் பூட்டிவைத்த கார்பனை நாங்கள் நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு திறந்துவிடுகிறோம். அலாஸ்காவில் புதர்கள் மறுபடி ஏறிக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதியிருக்கலாம். துருவப் பாடத்தை நடத்த இந்த மாவட்டத்தைவிடத் தோதான ஊர் எது?

எழுதாததற்கு அந்த மாணவியின் அப்பா பார்க்கும் வேலையைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தேன், குழந்தை மனசு நோகுமே என்று. அதுவும் பொய். பதினாறு டன் ஏற்றும் வண்டி ஒரு நடைக்கு எவ்வளவு வாயு என்று பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னால் அரை நிமிடத்தில் ஏழு டன் என்பார்கள். அடுத்த கேள்வி, “யாரு வண்டி சார்?” என்பதாக இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருந்தாலும், எந்த லாரி யாருடையது என்று ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வண்டியை இன்னும் விற்கவில்லை. விலை கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கட்டுப்படியாகவில்லை என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் எஃப்.சி. காட்ட வேண்டும், பெயிண்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.