காசிமேட்டு ஜிம்மில் நீள நோட்டுகள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது அந்த ஜிம். பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இப்போது ஆணிகள் மட்டும். மாலை ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்தேன். சுவரில் ஆஞ்சநேயர், பக்கத்திலேயே அர்னால்ட். மூலையில் கர்லாக்கட்டைகள் சாய்ந்து நிற்கின்றன. யாரோ எண்ணெய் தடவி வைத்திருக்கிறார்கள். எடைத் தட்டுகள் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் வார்த்தவை. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் ஓர் எண். 20 கிலோ என்று பொறித்த ஒரு தட்டின் மேல் 19.2 என்று எழுதியிருந்தது. தராசில் போட்டுப் பார்த்து எழுதியதாம். "அளவே தப்புன்னா அப்பால இன்னா கணக்கு சார்?" என்றார் ஜிம் மாஸ்டர்.

நான் தேடி வந்தது அவர் வைத்திருக்கும் நோட்டுகளை. இரும்பு அலமாரியில் ஆளுக்கொரு நீள நோட்டு. தேதி, தூங்கிய நேரம், சாப்பிட்டது, உடல் எடை, தூக்கிய எடை, கடைசிக் கட்டத்தில் "உடம்பு எப்டி" என்று ஒரு தலைப்பு. புதிதாகச் சேர்பவர் முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றக் கூடாது. வழக்கமாகத் தின்பதைத் தின்று, உள்ளபடி எழுத வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றை மாற்றலாம், அதையும் ஒரு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். "எல்லாத்தையும் ஒட்டுக்கா மாத்துனா எது வேலை செஞ்சிச்சுன்னு எவனுக்குத் தெரியும்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மீன் கூடை தூக்கும் தொழிலாளி தன் நோட்டைக் காட்டினார். நள்ளிரவு தாண்டியதும் படகுகள் வந்துவிடும், ஏலம் தொடங்கிவிடும், அவர் வீடு திரும்பக் காலை எட்டாகும். முன்பெல்லாம் வேலை முடிந்த கையோடு நேராக ஜிம்முக்கு வருவாராம். ஸ்குவாட்டில் 60 கிலோவைத் தாண்ட முடியவில்லை. சாப்பாடு போதவில்லை என்று நினைத்து முட்டையைக் கூட்டினார். ஒரு மாதம் ஆகியும் அதே 60. அடுத்து முட்டையை அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் மாற்றினார்: காலையில் வீட்டுக்குப் போய்ப் பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மாலையில் பயிற்சி. அதற்கப்புறம் பக்கங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. 62, 65, 65, 70. நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் என்று குறிப்பு, எடை இறங்கி மறுபடி ஏறுகிறது. "தூக்கம்தான் சார் கொறைஞ்சிருக்குது. நான் முட்டைக்குத் துட்டக் கொட்டிக்கினு இருந்தேன்." இரண்டையும் சேர்த்து மாற்றியிருந்தால் பெருமை முழுக்க முட்டைக்கே போயிருக்கும்.

டம்பெல் பக்கம் நின்ற கல்லூரிப் பையனுக்கு வேறு சங்கதி. புரோட்டீன் பவுடரைப் பாலில் கலந்து குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. நோட்டில் "கேஸ்" என்ற சொல் வரிசையாக வருகிறது. பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்கும் திறன் வளர்ந்தபின் பலருக்குக் குறைந்துவிடும். தயிரில் அது குறைவு. அவன் இப்போது தயிர், அவித்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். பவுடருக்குச் செலவான பணம் பாக்கெட்டில் நிற்கிறது என்பது அவனுக்குக் கூடுதல் சந்தோஷம்.

எதிர்ச்சாரியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவுக்குச் சர்க்கரை நோய். அவரும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தி அளந்து எழுதுகிறார். கேழ்வரகுக் கூழ் நல்லது என்று எல்லோரும் சொன்னதை நம்பிக் குடித்தாராம். அவர் உடம்பில் அது இட்லியைவிட அதிகமாக ஏற்றிவிட்டது. மாவாக்கிக் கரைத்துக் குடிக்கும் தானியம் சீக்கிரம் செரித்துவிடும் என்பதால் இதில் வியப்பில்லை. மதியம் சோற்றைப் பாதியாக்கி, நெத்திலிக் குழம்பையும் கீரையையும் கூட்டி, சாப்பிட்டவுடன் தெருமுனை வரை நடந்தால் எண் இறங்குகிறது. இஸ்ரேலில் 800 பேரை வைத்து 2015இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது: ஒரே உணவு ஆளுக்கு ஆள் ரத்தச் சர்க்கரையை வேறு வேறு அளவில் ஏற்றுகிறது.

மாஸ்டருக்கு ஆய்வெல்லாம் தெரியாது. ஆனால் ஆளுக்கொரு நோட்டு வேண்டும் என்று அவர் சொல்வது பொய்யில்லை. 2005இல் அமெரிக்காவில் 585 பேருக்கு 12 வாரம் ஒரே மாதிரியான கைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குத் தசை கொஞ்சமும் வளரவில்லை. ஒருவருக்கு 59 சதவீதம் வளர்ந்தது. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் ஓராண்டு குறைத்தார்கள். 2018இல் முடிவு வந்தபோது இரு அணிகளின் சராசரி எடை இழப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒவ்வோர் அணிக்குள்ளும் மிக நிறைய இளைத்தவரும் இருந்தார்கள், எடை கூடியவரும் இருந்தார்கள்.

மாஸ்டரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. புதிதாக வருகிற எல்லோருக்கும் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கச் சொல்கிறார். அவர் குரு சொன்னதாம். வேக வைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடம்பில் சேரும், பச்சையில் பாதிதான் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். தட்டையே நிறுத்துப் பார்க்கிற மனிதர் இதை மட்டும் நிறுத்துப் பார்க்கவில்லை. தினசரி உடல் எடையைப் பார்த்துப் பையன்கள் பதறுவதையும் அவர் கண்டுகொள்வதில்லை. உப்பும் தண்ணீருமே ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். வாரச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பரிசோதனையே அனுமதிப்பதில்லை. கண்ணாடிக்கு மேலே சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது: "ஊசி போடுறவன் வேற ஜிம் பாத்துக்கோ." ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். ஒரு மாதம் போட்டுப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை அது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் எழுதுவதோடு நிறுத்துங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், சோற்றைக் குறைப்பதற்கு முன் அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாத்திரையின் அளவையும் அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.