மருதானை ஒத்திகைக் குறிப்புகள்

ஞாயிறு

பெறாமகளுக்கு ஒத்திகை முடிய இரவு எட்டரை ஆகிவிடுகிறது. கொட்டாஞ்சேனைக்கு அந்நேரம் தனியாக வரவிட அக்காவுக்கு மனமில்லை. வெள்ளவத்தையில் ஓய்வூதியத்தோடு இருக்கும் ஆள் நான்தானே, துணைக்குப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. கரையோர றெயின் நேரே மருதானைக்குப் போகும், கோட்டையில் இறங்கி மாறும் சங்கடம் இல்லை.

ஒத்திகை பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் ஒரு மேல்மாடியில். கீழே வாகன உதிரிப்பாகக் கடை. படியேறும்போது மூக்கில் ஏறும் கிறீஸ் வாடை மேலே போனதும் முழங்கால் தைல வாடையாக மாறுகிறது. தரையில் வெள்ளை டேப்பால் மேடையின் அளவைக் கோடிட்டிருக்கிறார்கள். கூடம் சின்னது என்பதால் ஒரு பக்கக் கோடு சுவரில் ஏறி நிற்கிறது. சுவரில் நிலைக்கண்ணாடி கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லையாம். கண்ணாடி இருந்தால் பிள்ளைகள் தங்களைத்தான் பார்ப்பார்கள், பக்கத்தில் ஆடுகிறவரைப் பார்க்க மாட்டார்கள் என்கிறார் குழுவின் நெறியாளர்.

ஐந்து பேர். கண்டிய நடனம் படித்த இருவர், பரதம் படித்த எங்கள் பிள்ளை, முறையாக எங்கும் படிக்காமல் தெருவோர ஹிப்ஹொப் ஆடிப் பழகிய ஒரு பெடியன், ஜிம்னாஸ்டிக் செய்த ஒரு பிள்ளை. நெறியாளர் வாயில் அதிகம் வருகிற சொல் "ஆயெத்". மறுபடியும், மறுபடியும். கத்துவதில்லை, கோபமுமில்லை. கடைக்காரர் பில் போடுகிற தொனியில் சொல்கிறார்.

புதன்

இன்று முழுவதும் ஓர் இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். இசையில் ஏழு மாத்திரையில் ஒரு துண்டு வருகிறது. எங்கள் பிள்ளை அதைத் தகிட தகதிமி என்று வாய்க்குள் பிடித்துக்கொண்டாள். கண்டியப் பெடியன்கள் பெர வாத்தியத்தின் சொற்களில், தத், ஜித், தொம், நம் என்று தொடையில் தட்டிக் கணக்கெடுத்தார்கள். ஹிப்ஹொப் பெடியனுக்கு உலகமே எட்டு எட்டாகத்தான் ஓடும். ஏழு முடிந்து மற்றவர்கள் காலை இறக்க, இவன் மட்டும் எட்டாவதைத் தேடிக்கொண்டு அந்தரத்தில் நின்றான்.

நெறியாளர் இசையை நிறுத்தினார். "எண்ண வேண்டாம்" என்றார். ஐந்து பேரையும் தோளோடு தோள் நிறுத்தி, பக்கத்தில் நிற்பவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது நீயும் இழு, அவர் விடும்போது விழு என்றார். முதலில் அரிசி மூட்டை அவிழ்ந்த மாதிரி ஒவ்வொருவராகக் கொட்டுண்டார்கள். ஆயெத். ஆயெத். ஒரு மணித்தியாலம் கழித்து ஐந்து பேரும் ஒரே சத்தமாகத் தரையில் இறங்கினார்கள். கீழ்க்கடை முதலாளி மேலே ஓடி வந்து, டியூப் லைட் ஆடுகிறது என்றார். என்ன செய்கிறார்கள் என்று காட்டியதும் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த இரண்டு தரமும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

திரும்பி வரும் ஓட்டோவில் கேட்டேன், அரங்கேற்றத்துக்கு இவ்வளவு பாடுபட்டாயா என்று.

"அதில நான் பிழை விட்டா எனக்கும் ரீச்சருக்கும்தான் தெரியும், சின்னம்மா. இதில நான் கொஞ்சம் பிந்தினா அந்தப் பெடியன்ர முழங்கால் போயிடும்."

அவள் தாவுவதை ஏந்துகிறவன் அவன்.

வெள்ளி

நின்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று பிடிபட்டது. எங்கள் பரதத்தின் அரைமண்டியில் குதிக்கால்கள் சேர்ந்திருக்கும். உடம்பு ஒரு தூணின் மேல் நிற்கும். கண்டியக்காரரின் மண்டியவில் பாதங்கள் அகன்று, பாரம் இரு பக்கமும் பரவி நிற்கிறது. பெறாமகள் அந்த அகலத்துக்குப் பழகும்போது தொடை நடுங்குகிறது. கண்டியப் பெடியன்களுக்கோ குதிக்காலைச் சேர்த்தால் தடுமாற்றம். இரண்டையும் கலந்து ஒரு புது நிலை காட்டச் சொன்னால் அது நடனமாகாது, நல்லிணக்கப் போஸ்டர் ஆகிவிடும். நெறியாளர் அதைச் செய்யவில்லை. அவரவர் நிலையில் விட்டு, எடையை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் மாற்றச் சொல்கிறார். பார்க்க அழகு அதில்தான் வருகிறது.

இதற்கெல்லாம் இந்த ஊரில் பாதை போட்டவர் நடனக் கலைஞர் சித்ரசேன. 1921இல் பிறந்தவர். கேரளத்துக்குப் போய் கோபிநாத்திடம் கதகளி படித்தார், சாந்திநிகேதனிலும் இருந்தார். 1944இல் கொள்ளுப்பிட்டியில் கலாயதனம் என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். சடங்குக் களத்தில் ஆண்கள் ஆடிய கண்டிய நடனத்தில் பெண்ணுக்கென்று ஓர் ஆட்டமொழியை உருவாக்கியவர் அவர் மனைவி வஜிரா. 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ வஜிராவுக்குக் கிடைத்தது. 1961இல் வந்த சித்ரசேனவின் நடன நாடகம் 'கரதிய' கடற்கரை மீனவர்களின் கதை. அமரதேவ இசை. வலை இழுக்கிற தோள்களும் கயிறு பிடித்த கைகளும் அதில் நடனமாயின.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொள்ளுப்பிட்டி இடம் கைவிட்டுப் போனது. பிறகு நெடுங்காலம் சொந்தக் கூடமே இல்லாமல் சித்ரசேனவின் குழு ஓடியது. 2005இல் சித்ரசேன காலமானார். இன்று நாரஹேன்பிட்டியில் பேத்தி ஹெஷ்மா விக்னராஜா குழுவை நடத்த, இன்னொரு பேத்தி தாஜி டயஸ் முன்னணியில் ஆடுகிறார். பெங்களூருப் பக்கத்து நிருத்யகிராமத்தின் ஒடிசிக்காரரோடு சேர்ந்து 'சம்ஹார', 'ஆஹுதி' என்று நாடு நாடாகப் போய்வந்தார்கள். மூன்று தலைமுறையாக ஒரு குழுவைக் கட்டி வைத்திருப்பது திறமையால் மட்டும் ஆகிற காரியமில்லை. தினம் ஒத்திகை நடந்தால்தான் ஆகும்.

சனி

இன்று எல்பின்ஸ்டனில் மேடை ஒத்திகை. மருதானைக்கு இது புதிதல்ல. 1911 டிசம்பரில் டவர் ஹோல் அரங்கு திறந்த நாளிலிருந்து நூர்த்தி நாடகக்காரர் புழங்கிய இடம். பம்பாய்ப் பார்சிக் கம்பனிகள் கொண்டுவந்த மெட்டில் சிங்களப் பாட்டுக் கேட்கச் சனம் திரண்டது. பேசும் படம் வந்து அந்தத் தொழிலைப் படுக்க வைத்தது. எல்பின்ஸ்டன் கல்கத்தா மதன் கம்பனி கட்டியது. படமாளிகையாக இருந்து பின்னர் நாடக அரங்கானது. ஜெர்மனியில் பீனா பவுஷின் நடனக் குழுவும் வூப்பெற்றாலில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையில்தான் ஒத்திகை பார்த்தது. சினிமா விட்டுப்போன இடத்தில் ஆட்டம் குடியேறுவதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

மாடியில் பிசகாமல் வந்தது மேடையில் உடைந்தது. இங்கே அகலம் கூட. சுவரில் ஏறி நின்ற கோடு இப்போது தரைக்கு இறங்கிவிட்டது. மூன்றடியில் கடந்த இடத்தைக் கடக்க ஐந்தடி வேண்டியிருந்தது, ஏழு மாத்திரை போதவில்லை. நெறியாளர் அசைவைக் குறைக்கவில்லை. ஆட்களை நெருக்கி நிறுத்தி, மேடையின் ஒரு பாதியை வெறுமையாகவே விட்டார். விளக்குப் பெடியனுக்கும் வேலை மிச்சம். அந்த வெறுமை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் மேடை வாடகை மணிக்கணக்கில் ஏறுகிறது, இரண்டாம் தரம் ஓடிப்பார்க்கக் காசில்லை என்று பாதியில் விளக்கை அணைத்தார்கள். காட்சிக்கு முன் இன்னொரு மேடை ஒத்திகை கிடைக்காது.

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் நாம் பார்க்கும் அரங்கேற்றங்களை நினைத்தேன். பக்கவாத்தியம், பட்டு, நகை, அட்டை பளபளக்கும் மலர், இராச் சாப்பாடு. ஒரே பிள்ளை, ஒரே இரவு. அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை, பிறகு லண்டனோ மெல்பேணோ, சலங்கை அலுமாரிக்குள் போய்விடும். நல்ல ஆட்டக்காரிகளைக் கொழும்புத் தமிழர் எத்தனையோ பேரை உருவாக்கிவிட்டோம். அவர்கள் கூடி ஆட, சம்பளம் கொடுத்து வருடக்கணக்காய் நடத்துகிற ஒரு குழு என் கண்ணில் பட்டதில்லை. வைத்திருந்தால் என் பெறாமகள் அதில் இருந்திருப்பாள்.

மகளுக்கு அரங்கேற்றம் வைக்கப்போகும் பெற்றோரே, மலரின் பக்கங்களைக் கொஞ்சம் குறையுங்கள். மிஞ்சும் காசில் ஏதாவதொரு குழுவுக்கு ஒரு மாலை மேடையை வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். உங்கள் பிள்ளை இருபது வயதுக்குப் பிறகும் ஆட வேண்டுமென்றால் அவளுக்கு அப்படியொரு குழு இருக்க வேண்டும்.