வேனிலில் சும்மா நடப்பது

ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நடக்கிறேன். வயது முப்பத்தாறு. மீன்சுருட்டியில் நடப்பதற்கென்று இடம் கிடையாது. கும்பகோணத்திலிருந்து அணைக்கரை தாண்டிச் சென்னைக்குப் போகும் சாலையில் நடந்தால் சர்க்கரைக்கு முன் லாரி முந்திக்கொள்ளும். ஆகவே ஏரிக்கரை. சித்திரையில் ஏரி வெறும் தரை. கரை நெடுகச் சீமைக்கருவேலம். நிழல் என்று சொல்லத்தக்க எதையும் அது தருவதில்லை.

நடக்கச் சொன்ன டாக்டர், எதற்கு நடக்கிறேன் என்று ஊருக்கு எப்படிச் சொல்வது என்பதைச் சொல்லித் தரவில்லை. 2024 மே மாதம், காலை எட்டு மணி. மண்வெட்டியும் இரும்புச் சட்டியுமாக நூறு நாள் வேலைக்கு ஏரியில் இறங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர், கேட்டார்: "என்னா சாரு, பஸ்ஸ வுட்டுட்டிங்களா?" இல்லை, சும்மாதான் நடக்கிறேன் என்றேன். "சும்மாவாம்" என்று பின்னால் வந்தவரிடம் சொன்னார். அதில் கேலி இல்லை. இரக்கம் இருந்தது.

இந்தச் 'சும்மா' என்னை விடவில்லை. வெயிலில் நடப்பதற்கு நம்மிடம் ஒரு திணையே இருக்கிறது. பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் ஒதுக்குகிறது தொல்காப்பியம். அங்கே நடப்பவன் பொருள் தேடிப் போகிறான்; அல்லது காதலித்தவளை அழைத்துக்கொண்டு அவள் வீட்டாருக்குத் தெரியாமல் போகிறான். உடம்பு நன்றாயிருக்க வேண்டுமென்று நடப்பவன் எவனையும் நான் அங்கே சந்தித்ததில்லை. வழி நடுவே அவன் தன் நெஞ்சோடு பேசுவதுண்டு. பேச்சு பெரும்பாலும் வீட்டில் விட்டு வந்தவளைப் பற்றியது, தன் முதுகில் வழியும் வியர்வையைப் பற்றியதல்ல. நம் புதுக்கவிதையிலோ வெயில் வெறுமையின் குறியீடாகிவிட்டது. மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து எழுதப்பட்ட வெயில். (நானும் மின்விசிறியின் கீழ்தான் எழுதுகிறேன்.) குறியீடாவதற்கு முன் வெயில் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க யாருக்கும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை.

செய்வது ஸ்தூலமானது. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, ஆவியானால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. கடற்காற்றில் ஈரம் ஏறிய புழுக்க நாளில் அது சொட்டிக் கீழே விழுகிறது, அவ்வளவுதான். இன்னொன்று: வெயில் பழகக்கூடிய விஷயம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் உழைத்தால் பத்துப் பதினான்கு நாளில் உடம்பு சீக்கிரமாக, அதிகமாக வியர்க்கக் கற்றுக்கொள்கிறது. வியர்வையில் உப்பை விடாமல் பிடித்துவைக்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. விட்டால் சில வாரங்களில் எல்லாம் மறந்துபோகும். என் கவுண்டருக்கு மேலே குளிரூட்டி ஓடுகிறது. நாளெல்லாம் அதன் கீழ் இருக்கும் என் உடம்புக்குச் சொந்த ஊரின் கோடை ஒவ்வொரு வருஷமும் அந்நிய தேசம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆவேசமாக ஓடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஏரியில் மண் வெட்டியவர்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. பழகிய உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், குறிப்பாகக் கூலி கொடுப்பவர்கள். மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டிகள் பழகியவர்கள்தான்; சர்க்கரை வியாதியோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளவயதிலேயே அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. வெக்கையும் ஓயாத உழைப்பும் அதில் பெரும்பங்கு வகிப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிகரகுவாவில் ஒரு கரும்பாலை செய்து பார்த்த வைத்தியத்துக்கு மூன்று சொல்: தண்ணீர், ஓய்வு, நிழல். பாதிப்பு குறைந்தது.

பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளியே போகாதீர்கள் என்று கோடைதோறும் அறிவிக்கிறார்கள். சரியான அறிவுரை. அந்த நான்கு மணி நேரமும் தன் கையில் இருப்பவனுக்குச் சொல்லப்பட்டது. 2024 ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. ஆனால் வெட்டிய மண்ணை அளந்துதான் கணக்கு. நிழலில் உட்கார்ந்த நேரம் அளவில் வராது. அந்தக் கூலி வரவான பாஸ்புக்குகளை நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். முழு 319 விழுந்த வரிகளை அதிகம் பார்த்ததில்லை.

பக்கத்தில் கங்கைகொண்டசோழபுரம். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் இன்று பொன்னேரி. நீரால் ஆன வெற்றித்தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. ஊர் பார்க்க வரும் நண்பர்கள் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். கரைக்கு அழைத்தால், வெயிலாயிருக்கிறதே என்கிறார்கள். ஏரி வெட்டுவதற்கு உகந்த பருவம் தண்ணீரில்லாத கோடைதான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இப்போது விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஆறேகாலுக்குள் திரும்பிவிடுகிறேன். வைகாசியில் அந்நேரத்துக்கே சட்டை நனைந்துவிடுகிறது. புறப்படுமுன் ஒரு சொம்புத் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். ஆடியில் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.